மாதா இல்லாத நத்தார் பாட்டு

எனக்குப் பத்து வயதான மார்கழியில், எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த சிஸ்டர் ஒரு படிவத்தோடு மறைக்கல்வி வகுப்புக்குள் வந்தார். தீவுப் பகுதிக் கோயில்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் நத்தார் பாட்டு விழா அந்த வருசம் எங்கள் ஊரில் நடப்பதாக இருந்தது. ஒவ்வொரு கோயிலும் போட்டிக்கு ஒரு பாட்டுப் பாட வேண்டும். பாட்டின் முதலடி, பாடுகிறவர்களின் தொகை, வாத்தியங்கள் எல்லாவற்றையும் சிஸ்டர் அழகான எழுத்தில் நிரப்பியிருந்தார். ஒரேயொரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்கு மேலே 'இயற்றியவர்' என்று அச்சடித்திருந்தது.

"இந்தப் பாட்டை யார் எழுதினது?" என்று கேட்டார்.

கோயில் கிணற்றை யார் வெட்டியது என்று கேட்டதுபோல நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தப் பாட்டு எப்போதும் இருந்தது. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரையூர்களில் நத்தார் என்றால் கேக் இல்லாமல் போகலாம், புதுச்சட்டை இல்லாமலும் போகலாம், அந்தப் பாட்டு இல்லாமல் போகாது. பாலன் சுரூபத்தைக் குடிலில் வைக்கும்போது மேளமும் மணியும் நின்றுவிடும். ஊரே குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்து வீட்டில் யாரோ நித்திரை என்பதுபோலப் பாடும்.

*அழாதே பாலா, அழாதே,*
*அலைகூட அழவில்லை.*
*விடிவெள்ளி எங்களோட வருது,*
*வெகுதூரம் இல்லைக் கரை.*

*குளிராதே பாலா, குளிராதே,*
*கோணாத பட்டிருக்கு.*
*மீனெல்லாம் முழிச்சிருக்கு,*
*மெல்ல மெல்லப் போவோம்.*

அவ்வளவுதான் பாட்டு. இதை வைத்து எங்கள் பங்குச் சுவாமி மூன்று வருசம் மூன்று பிரசங்கம் வைத்திருந்தார். கரை என்பது மோட்சம். மீன்கள் என்பது விசுவாசிகள். கோணாத பட்டு என்பது பாவமற்ற ஆன்மா. பெத்லகேமில் அலை எங்கிருந்து வந்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். அது கலிலேயாக் கடலின் அலை என்று எங்களுக்கு முன்பு படிப்பித்த ஆசிரியர் சொன்னார். பிறந்த குழந்தையை எதற்காக உடனே கலிலேயாவுக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. முதல் கேள்விக்கே அவர் முகம் சரியாக இருக்கவில்லை.

"வீட்டிலை பெரியாக்களிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ. ஒரு கிழமை இருக்கு," என்றார் சிஸ்டர்.

அந்த ஒரு கிழமையில் ஊரில் பாட்டுக்கு மூன்று சொந்தக்காரர் கிளம்பினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் காட்டில் ஒளிந்திருந்த சுவாமி ஒருவர் பாடியது என்றார் மணி அடிப்பவர். இத்தாலியிலிருந்து வந்த தாடிக்காரச் சுவாமி ஒருவர் தமிழ் படித்து எழுதியது என்றார்கள் சங்கக்கடைக்காரர் வீட்டில். ஒருவர் தன் பூட்டனார் எழுதியது என்று சத்தியம் செய்தார். அந்தப் பூட்டனாருக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது என்று அவர் மனைவி பக்கத்தில் நின்றே சொன்னார்.

நான் அம்மாவைக் கேட்டேன். அவர் சந்தையில் மீன் விற்றுவிட்டு வந்து, குசினி வாசலில் இருந்து மிஞ்சிய ஓரா மீனை வெட்டிக்கொண்டிருந்தார். ஓராவின் முள் குத்தினால் கடுக்கும் என்பதால் வெட்டும்போது அவரோடு கதைக்கக் கூடாது. அதை மறந்து கேட்டேன்.

"அம்மா, 'அழாதே பாலா' ஆர் எழுதினது?"

கத்தி நின்றது. பிறகு திரும்பவும் வெட்டத் தொடங்கினார்.

"தெரியாது."

"ஒரு சுவாமி எண்டு சொல்லுகினம்."

"அப்ப சுவாமியாத்தான் இருக்கும். அந்தச் சட்டியைக் கொண்டா."

மாமாவையும் கேட்டேன். மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்தார். அம்மாதான் அவரை வளர்த்தவர். அப்போது அவருக்கு இருபது வயது. படகு எஞ்சின்கள் திருத்துவார். கைவிரல் இடுக்குகளில் கிறீசும் சட்டையில் மண்ணெண்ணெய் மணமும் எப்போதும் இருக்கும். நீத்துப் பெட்டி நிறைய அவித்த புட்டைத் தனியாக முடிப்பார். கோயிலுக்கு வருவார், ஆனால் நத்தார்ப் பூசையில் பாலனை எடுத்து வரும் நேரம் பார்த்து வெளியே போய்விடுவார். பாட்டு முடிந்த பிறகு மெதுவாக உள்ளே வருவார். புகைக்கப் போகிறார் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

என் கேள்வியைக் கேட்டதும் அவர் கையிலிருந்த திருகுசாவியால் எஞ்சினை இரண்டு தரம் தட்டினார்.

"எனக்கென்னடி தெரியும்? நான் என்ன பாட்டுக்காரனோ?"

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாரிசிலிருந்து பெரியம்மா ரெலிபோன் எடுத்தார். அம்மாவின் அக்கா அவர். ஒவ்வொரு ஞாயிறும் எடுப்பார். அன்றைக்கு அம்மா கிணற்றடியில் நின்றதால் நான்தான் எடுத்தேன். பள்ளிக்கூடம், சாப்பாடு, பல்லு விழுந்தது எல்லாம் கேட்டு முடித்ததும், விழாவில் முதல் இரண்டு அடியையும் தனியாகப் பாடுவதற்கு சிஸ்டர் என்னைத் தெரிந்தெடுத்திருப்பதைச் சொன்னேன். எந்தப் பாட்டு என்றார். சொன்னேன்.

"அதை ஆர் எழுதினதெண்டு தெரியாமல் சிஸ்டர் தேடுறா, பெரியம்மா."

மறுபக்கத்தில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஏன், கொம்மாட்டைக் கேக்கேல்லையே?"

"கேட்டனான். தெரியாதெண்டு சொன்னவ."

"அப்பிடியே சொன்னவள்?" பெரியம்மா மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது. அங்கே குளிர் என்று நினைத்தேன். "அது கொம்மா பாடினதடி. உன்ரை அம்மா."

நான் சிரித்தேன். அம்மா கோயிலில் மற்றப் பாட்டுக்களைக்கூட வாய்க்குள்தான் பாடுவார்.

"சிரியாதை. நானும் அந்த வள்ளத்திலைதான் இருந்தனான்."

அவர் சொன்னதை நான் சுவரில் சாய்ந்து நின்று கேட்டேன். போரில் எங்கள் பக்கம் ஷெல் விழத் தொடங்கிய மூன்றாம் நாள் ஊர் முழுதும் கடல்நீரேரி தாண்டி அக்கரைக்குப் போய்விட்டது. அம்மம்மாவுக்கு அது நிறைமாதம். அதனால் எங்கள் வீட்டார்தான் கடைசி. அம்மப்பா தன் வள்ளத்தில் அம்மம்மாவையும் இரண்டு மகள்மாரையும் அயலில் மிஞ்சியிருந்த இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு, விடிவதற்கு முன்பே மரக்கோல் ஊன்றித் தள்ளத் தொடங்கினார். எஞ்சின் போட்டால் சத்தம் கேட்கும். வெளிச்சமும் கூடாது. நடுத்தண்ணீரில் அம்மம்மாவுக்குப் பிரசவ நோ வந்தது. அயல் பெண்களில் ஒருவர்தான் பிள்ளையை எடுத்தார். பிள்ளை வீரிட்டு அழுதது. அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் நேவியின் ரோந்துப் படகின் இரைச்சல் கேட்டது.

"பிள்ளையைத் தூக்கி உன்ரை அம்மான்ரை கையிலை குடுத்தவை. அவளுக்குப் பதினொரு வயசு. வேறை ஒருத்தரின்ரை கையும் சும்மா இல்லை. அழாமல் பாத்துக்கொள் எண்டு அப்பு, உன்ரை அம்மப்பா, சொன்னார். அவளுக்குத் தாலாட்டு ஒண்டும் தெரியாது. என்ன செய்வாள்? அந்தப் பிள்ளையின்ரை காதுக்குள்ளை, கண்ணாலை கண்டதெல்லாத்தையும் சொன்னாள். அலை இல்லை. விடிவெள்ளி தெரியுது. கரை தூரமில்லை. சொல்லச் சொல்ல அது பாட்டாப் போச்சுது. மற்றப் பொம்பிளையள் வாயைத் திறக்காமல் அவளோடை சேர்ந்து ராகம் இழுத்தவை."

"பிள்ளை?"

"நிப்பாட்டீட்டுது. அந்தப் படகும் அங்காலை போட்டுது."

பிறகு அகதி முகாமில் நத்தார் வந்திருக்கிறது. பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள் யாரும் இல்லை. அட்டைப்பெட்டியில் குடில் கட்டி வைத்துக்கொண்டு என்ன பாடுவது என்று நின்றபோது, அந்த இரண்டு பெண்களும் வள்ளத்துப் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். எல்லாத் தீவாரும் அந்த முகாமில் இருந்தார்கள், ஒவ்வொருவரும் அது வேறு ஏதோ தீவின் பழைய பாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். ஊர்களுக்குத் திரும்பிப் போனவர்களோடு பாட்டு அந்தந்த ஊருக்குப் போனது. போகாதவர்களோடு இந்தியாவுக்கும் கனடாவுக்கும் போனது.

"இஞ்சை பாரிசிலையும் பாடுகினம்," என்றார் பெரியம்மா. "வெள்ளைக்காரர் சில பேரும் சேர்ந்து பாடுகினம்."

எனக்கு வேறொன்றைக் கேட்க வேண்டியிருந்தது.

"பெரியம்மா, அந்தப் பிள்ளை... மாமாவோ?"

"ஓமடி. உன்ரை மாமாதான் அந்தப் பாலன்."

அதோடு ரெலிபோன் அறுந்துவிட்டது. காசு முடிந்திருக்கும்.

நான் முற்றத்துக்கு வந்தேன். மாமா பனையின் கீழே ஒரு படகு எஞ்சினைக் கழற்றிப் பரப்பிவிட்டுச் சப்பணமிட்டு இருந்தார். காதில் ஒரு பென்சில். பின்னேர வெயில் அவர் தலைக்குப் பின்னால் விழுந்திருந்தது. அந்த வெயில் தினமும் அந்த இடத்தில் அப்படித்தான் விழும். அன்றைக்கு அது சுரூபத்தின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டம்போல இருந்தது. உலகம் முழுக்க மக்கள் குரலைத் தாழ்த்தி, கண்ணை மூடி, அழாதே அழாதே என்று கெஞ்சுவது இந்த மனிதரை. பாரிசில் பனி கொட்டும் ஒரு கோயிலில் வெள்ளைக்காரர்கள் குளிராதே என்று பாடுவது இவருக்காக. இவரோ ஒரு ஆணியைக் காணாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த நாட்களில் நான் அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். அவர் நீட்டிய காலைத் தாண்டிப் போவதை விட்டுவிட்டுச் சுற்றிப் போனேன். கேக் அடித்த அன்று முதல் துண்டை அவருக்குக் கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டினேன். எங்கள் மாட்டின் கன்று அவர் கையை நக்கியபோது எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது. பெத்லகேமில் மாடுகள் செய்த வேலை அதுதானே. அந்தக் கன்று வீட்டில் உப்புக் கை பட்ட எல்லாரையும் நக்கும் என்பது எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

"என்னடி பாக்கிறாய்? முகத்திலை கிறீசோ?" என்றார் மாமா.

"இல்லை மாமா."

"காய்ச்சலே?"

"இல்லை மாமா."

"பின்னை ஏன் இப்பிடி மரியாதையா நிக்கிறாய்?"

இதை எனக்குள்ளேயே வைத்திருக்க ஏலாமல் போனது. அம்மாவை ஒன்றும் கேட்கத் துணிவில்லை, அவர் ஒருதரம் தெரியாது என்று சொன்னவர். வியாழக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்ததும் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சிஸ்டர் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய கண்கள் பெரிதாகின.

"உங்கட அம்மாவோ? மீன்காரம்... எங்கட கடைசி வாங்கிலை இருக்கிற உங்கட அம்மாவோ?"

வெள்ளிக்கிழமை பின்னேரமே படிவத்தையும் ஒரு பேனையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு நல்ல கதிரையை இழுத்துப் போட்டார். மாமா குசினிப் பக்கக் கதவடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வந்தது. சிஸ்டர் தேத்தண்ணியைத் தொடாமல் விசயத்துக்கு வந்தார்.

"பிள்ளை எல்லாம் சொன்னவ. எவ்வளவு பெரிய விசயம் இது! நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்திருக்கிறீங்கள்."

அம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அது சின்ன வயசிலை ஏதோ உளறினது சிஸ்டர்."

"உங்கட பேரை இதிலை எழுதப் போறன். இன்னொரு உதவியும் வேணும்." சிஸ்டர் கதிரையின் நுனிக்கு வந்தார். "இந்தப் பாட்டிலை ஒரு குறை இருக்கு. நான் வந்த நாளிலையிருந்து யோசிக்கிறன். பாலன் இருக்கிறார், வெள்ளி இருக்கு, மீனும் இருக்கு. மாதாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நடுவர்மாரும் அதைக் கவனிப்பினம். பாடினவ நீங்கள்தான் எண்டபடியால் நீங்களே ஒரு சரணம் எழுதித் தாங்கோ. பாலனின்ரை தாயைப் பற்றி. நாலே நாலு வரி."

"ஏலாது சிஸ்டர்."

"ரெண்டு வரி எண்டாலும்—"

"எனக்கு ஏலாது."

சிஸ்டர் நல்லவர். ஆனால் எடுத்த காரியத்தை விடமாட்டார். "தாய் இல்லாமல் ஒரு பிள்ளை எப்பிடி? நீங்களே சொல்லுங்கோ," என்றார் சிரித்துக்கொண்டு.

கதவடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அந்த வள்ளத்திலை தாய் இல்லை சிஸ்டர்," என்றார் மாமா. குரலை உயர்த்தவில்லை. "இருந்திருந்தா அவதானே பாடியிருப்பா."

சிஸ்டரின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. பிறகு மெதுவாக இல்லாமல் போனது. பேனையை மூடிவிட்டு, கதிரையை விட்டு எழுந்து, அம்மா இருந்த பாயில் போய்ப் பக்கத்தில் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அம்மா தானாகத்தான் சொன்னார். எனக்குச் சொல்லவில்லை, மாமாவுக்கும் சொல்லவில்லை, சிஸ்டரின் கையில் இருந்த படிவத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை பிறந்த உடனை அம்மாவுக்கு ரத்தம் நிக்கேல்லை. அக்கான்ரை மடியிலை தலை. அந்த ரெண்டு பேரும் சீலையைக் கிழிச்சுக் கிழிச்சுக் குடுத்துக்கொண்டிருந்தவை. நான் அணியத்திலை, முன்னுக்கு, பிள்ளையோடை. கொஞ்ச நேரத்தாலை அக்கா சொன்னா, நீ திரும்பிப் பாக்கக் கூடாது, பாடிக்கொண்டே இரு எண்டு. நான் திரும்பேல்லை. கரை முட்டும் வரைக்கும் பாடினனான்."

பெரியம்மா எனக்குப் பொய் சொல்லவில்லை. இதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார். யோசித்துப் பார்த்தால் எனக்கும் இது தெரிந்தே இருந்தது. மாமாவின் பிறந்தநாள் எங்கள் வீட்டில் கொண்டாடுவதில்லை என்று தெரியும். வருசத்தில் ஒருநாள் அம்மம்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பதும் தெரியும். அம்மம்மா இடம்பெயர்ந்தபோது செத்தவர் என்றும் தெரியும். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் யாரோ ஒருவர் இடம்பெயர்ந்தபோது செத்திருந்தார். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மாமா கையைத் துடைக்காமலே நின்றார். விரலிலிருந்து தண்ணீர் சொட்டிச் சீமெந்துத் தரையில் ஒரு வட்டம் விழுந்திருந்தது.

போகும்போது சிஸ்டர் அந்தக் கட்டத்தைக் காட்டி, "இதுக்கு என்ன எழுதட்டும்?" என்று கேட்டார்.

"அதை அப்பிடியே விடுங்கோ."

சிஸ்டர் தலையாட்டினார். படலை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். "வாத்தியம் ஒண்டும் வேண்டாம். ஓகனும் வேண்டாம். உங்கட பிள்ளையின்ரை குரல் மட்டும் தொடங்கட்டும், மற்றவை பிறகு சேரட்டும்."

அவர் போன பிறகு எனக்கு ஒரேயொரு கேள்விதான் வாய்க்கு வந்தது. பத்து வயதில் அப்படித்தான் வரும்.

"அம்மா, அந்தப் பட்டுத் துணி ஆரின்ரை?"

"பட்டோ?" அம்மாவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "பட்டு ஆரிட்டை இருந்தது? சாக்கு. அப்பு தண்ணி இறைக்கிற வாளிக்குக் கீழை போட்டிருந்த சாக்கு. 'கோணிச் சாக்கிருக்கு' எண்டுதான் நான் பாடினது. சாக்கிலை பாலனைச் சுத்தக் கூடாதெண்டு பிறகு ஆரோ மாத்தினவை."

விழா நாளன்று காலையிலிருந்தே படகுகள் வந்தன. நெடுந்தீவுக்காரர் தூரத்துக் கடல் கடந்து வந்ததில் பாடகர் குழுவில் பாதிப் பேர் சத்தி எடுத்து முகம் வெளுத்து இறங்கினார்கள். எழுவைதீவிலிருந்து பத்துப் பேர்தான் வந்தார்கள், ஊரில் பாடக்கூடியவர்கள் அவ்வளவுதான் என்றார்கள். கோயில் நிறைந்து, யன்னல்களிலும் ஆட்கள் நின்றார்கள். தபேலாவும் ஓகனும் வைத்து ஒவ்வொரு குழுவும் வெளுத்து வாங்கியது. கடைசியாக எங்கள் முறை. அறிவிப்பாளர் பாட்டின் முதலடியை வாசித்துவிட்டு, "இயற்றியவர் பெயர் தெரியவில்லை," என்றார்.

நான் பாலன் குடிலுக்கு முன்னால் போய் நின்றேன். அம்மா வழக்கம்போலக் கடைசி வரிசை வாங்கில் இருந்தார். வாசலில் வெயிலுக்கு எதிரே ஒரு நிழல் நின்றது. மாமா என்று கண்டுகொண்டேன். முகம் தெரியவில்லை. இப்போது திரும்பி வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன்.

பாடத் தொடங்கினேன். முதல் இரண்டு அடிக்குள் எனக்குக் கோயில் மறந்துவிட்டது. அலைகூட அழவில்லை என்று பாடும்போது உண்மையாகவே என் காலுக்குக் கீழே தண்ணீர் இருப்பதுபோல இருந்தது. பின்னுக்குத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரோ சொன்னதுபோலவும் இருந்தது. மூன்றாம் அடியில் எங்கள் குழு சேர வேண்டும். குழு சேர்ந்தது. அதோடு யாரும் எதிர்பார்க்காமல் நெடுந்தீவு வாங்குகளிலிருந்தும் மெல்லிய இழுப்பு ஒன்று எழுந்தது. பிறகு எழுவைதீவார். பிறகு யன்னலில் நின்றவர்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. முந்நூறு பேர் ஒரு குழந்தையின் காதுக்குள் பாடுவதுபோல இருந்தது. அவ்வளவு பேர் பாடியும் வெளியே பனையோலை உரசுவது எனக்குக் கேட்டது.

இரண்டாம் சரணத்தில் எங்கள் குழு அச்சடித்திருந்தபடி பட்டு என்று பாடியது. நான் சாக்கு என்று பாடினேன். பாடிவிட்டு, சிஸ்டர் என்ன செய்வாரோ என்று ஒரு கணம் பயந்தேன். ஆனால் என்னோடு சேர்ந்து நெடுந்தீவுப் பெண்கள் அத்தனை பேரும் சாக்கு என்றே பாடினார்கள். அவர்களுடைய ஊரில் அதை ஒருவரும் மாற்றவில்லை. அவர்களுக்கு அது சாக்காகவே இருபது வருசம் இருந்திருக்கிறது.

பின் வாங்கில் அம்மா தலையை நிமிர்த்தினார். நெடுந்தீவுப் பெண்களின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், வள்ளத்தில் வந்த அந்த இரண்டு பெண்களைத் தேடுவதுபோல. அவர் வாய் அசையவில்லை. வாசலில் நின்ற நிழல் அசையவில்லை. பாட்டு முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. நடுவர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து, மாமா அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கோயிலில் நின்று கேட்டது அன்றைக்குத்தான்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. தபேலா வைத்துப் பாடிய ஒரு குழுவுக்கு முதல் பரிசு.

பொழுதுபடும் நேரம் நாங்கள் மூவரும் கடற்கரை ஒழுங்கையால் நடந்து வந்தோம். மாமா என் பரிசுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். என் நெஞ்சு நிறைந்திருந்தது. இப்படி ஒரு பாட்டைப் பாடிய அம்மாவின் பிள்ளை நான். இப்படி ஒன்றைப் பாட முடிந்தவர் ஏன் ஒன்றோடு நிறுத்த வேண்டும்? அடுத்த வருசத்துக்கு ஒன்று, பாஸ்காவுக்கு ஒன்று, கோயில் திருநாளுக்கு ஒன்று என்று நான் மனதுக்குள் திட்டம் போட்டுவிட்டேன்.

"அம்மா, அடுத்த நத்தாருக்கு இன்னொரு பாட்டுக் கட்டுங்கோ."

"ஒண்டு காணும், போதும்."

"ஒண்டே ஒண்டுதானேயம்மா இருக்கு."

"அது காணும் பிள்ளை."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு அம்மா சோம்பல் படுகிறார் என்று நினைத்தேன். சரி, அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன். அவருக்குப் பதினொரு வயதில் வந்தது எனக்குப் பத்தில் வராதா? கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தேன். பனை. வலை. நண்டு. கரையில் கவிழ்த்து வைத்த வள்ளம். முன்னால் போகும் மாமா. சொன்னேன், திருப்பிச் சொன்னேன், இழுத்தும் பார்த்தேன். எதுவும் பாட்டாகவில்லை. வீட்டுப் படலை வந்துவிட்டது. அம்மா புட்டுக்கு மா குழைத்தார், மாமா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். பிறகு பாயில் படுத்து, அம்மாவுக்கு இருந்த வரம் எனக்கு வாய்க்கவில்லையே என்று தலையணைக்குள் அழுதேன்.

அது வாய்க்காமல் போனதுதான் எனக்குக் கிடைத்த பாக்கியம் என்று அந்தப் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.